../ போட்டு ஆறு ஃப்ரேம்வொர்க்குகளைத் தட்டிப் பார்த்தேன்

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் இரவு, மணி பதினொன்றரை. எங்கள் குழுவில் டெஸ்டிங் பார்க்கும் அக்காவிடமிருந்து ஒரு மெசேஜ். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கள் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி: "தம்பி, இது உன்னோடதான்னு பாரு."

என்னுடையதுதான். அன்று மாலைதான் பில் டவுன்லோட் பக்கத்தை சர்வரில் ஏற்றியிருந்தேன். முகவரியில் கோப்பின் பெயர் வரும். அதை பில்கள் இருக்கும் ஃபோல்டரின் பாதையோடு ஒட்டி, திறந்து கொடுத்துவிடுவேன். மொத்தமே நான்கு வரி. பில்லின் பெயர் வர வேண்டிய இடத்தில் அக்கா ../ என்று மூன்று முறை போட்டு, பின்னால், பாஸ்வேர்டெல்லாம் எழுதி வைத்திருக்கும் எங்கள் கான்ஃபிக் கோப்பின் பெயரை எழுதியிருக்கிறார். ஒரு ../ போட்டால் ஒரு ஃபோல்டர் மேலே போகும். மூன்று ஏறினால் எங்கள் ஆப்பின் தலைவாசல். சர்வர் மறுபேச்சு இல்லாமல் எடுத்து நீட்டியிருக்கிறது.

பாஸ்வேர்டை மாற்றினேன். கோடில் ஒரு வரி சேர்த்தேன்: பெயரில் எங்கே ../ வந்தாலும் அழித்துவிடு. நிம்மதியாகப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால், இரவோடு இரவாக மாற்றிய புதுப் பாஸ்வேர்டும் மெசேஜில் வந்து நிற்கிறது. இந்த முறை அக்கா அனுப்பியது ....// என்று. நடுவில் இருந்த ../ ஐ என் வரி கடமை தவறாமல் அழித்தது. இரண்டு பக்கமும் மிஞ்சிய புள்ளிகளும் சாய்கோடும் ஒட்டிக்கொண்டு இன்னொரு ../ ஆகிவிட்டன. "பூட்டை மாத்தினே சரி, சாவியையும் நீயே செஞ்சு குடுத்தா எப்படி தம்பி?" என்றார்.

என் மனதைத் தேற்றிக்கொள்ள ஓர் உதாரணம் வைத்திருக்கிறேன். 2021இல் அப்பாச்சி வெப் சர்வரின் 2.4.49 பதிப்பில் இதே ஓட்டை வந்தது. இரண்டு புள்ளிகளில் ஒன்றை மட்டும் %2e என்று சதவீதக் குறியீடாக எழுதி மறைத்து அனுப்பினால் அதன் சோதனைக்குத் தெரியவில்லை. அக்டோபர் 4இல் 2.4.50 வெளியிட்டு அடைத்தார்கள். மறைத்ததையே இன்னொரு முறை மறைத்து அனுப்பியபோது அதுவும் திறந்துகொண்டது. அக்டோபர் 7இல் 2.4.51. உலகம் முழுக்க ஓடுகிற சர்வருக்கே மூன்று நாள் பிடித்ததென்றால் என் ஓர் இரவு பெரிய குற்றமில்லை.

என்னை உறுத்தியது வேறு. அன்று நான் பயன்படுத்திய ஃப்ரேம்வொர்க்கிலேயே, அதாவது வெப் ஆப் கட்டத் தயாராகக் கிடைக்கும் கோட் தொகுப்பிலேயே, இதைத் தடுக்கும் ஃபங்ஷன் இருந்தது. எனக்குத் தெரியவில்லை. ஏன் தெரியாமல் போனது என்று யோசித்ததுதான் இந்த விமர்சனத்துக்கு வித்து.

இப்படி ../ போட்டு ஃபோல்டர் தாண்டும் ஓட்டைக்கு டைரக்டரி டிராவர்சல் என்று பெயர். அது எங்களிடம் வந்ததே இல்லை என்று மார்தட்டப் பெரிய ஃப்ரேம்வொர்க்குகள் பலவற்றால் முடியாது. பலருடைய பெயரிலும் ஒரு சிவிஇ எண்ணாவது (வெளியே தெரிந்த ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பதிவு எண்) இருக்கிறது. ஆகவே எண்ணிக்கையை வைத்து நான் மதிப்பெண் போடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேலையை முடித்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற அவசரத்தில், கைக்கு முதலில் வரும் வரி எது? அந்த வரி என்னைக் காக்குமா, கவிழ்க்குமா? இது ஒன்றுதான் என் அளவுகோல்.

சோதனைக்கு 'வாசல்' என்று ஒரு ஃபோல்டர் வைத்தேன். உலகத்துக்குக் காட்டலாம் என்று அனுமதித்தது அது மட்டும்தான். அதற்குப் பக்கத்திலேயே 'வாசல்-சாவி' என்று இன்னொரு ஃபோல்டர், உள்ளே ஒரு பொய்யான பாஸ்வேர்ட் கோப்பு. பெயர்கள் ஒரே மாதிரி தொடங்குவது வேண்டுமென்றே செய்தது, காரணம் பின்னால் வரும். வாசலுக்குள், வெளியே இருக்கும் கோப்புக்கு இட்டுச்செல்லும் ஒரு சிம்லிங்க், அதாவது குறுக்குவழி. ஒவ்வொரு ஃப்ரேம்வொர்க்கிலும் ஒரே மாதிரி இரண்டு பக்கங்கள்: கோப்பின் பெயர் முகவரியின் பாதையிலேயே வருவது ஒன்று, கேள்விக்குறிக்குப் பிறகு வருவது இன்னொன்று. எல்லாம் லினக்ஸில்.

முதல் நாள் எல்லா ஃப்ரேம்வொர்க்கும் நூற்றுக்கு நூறு வாங்கின. எனக்கே சந்தேகம் வந்தது. பிறகுதான் உறைத்தது, பாதையில் பெயர் வரும் பக்கத்தை மட்டும், அதுவும் பிரவுசரில் தட்டிக்கொண்டிருக்கிறேன். முகவரியின் பாதையில் ../ இருந்தால் பிரவுசரே அதை மடித்துச் சுருக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் சர்வருக்கு அனுப்பும். என் தாக்குதல் என் கணினியை விட்டு வெளியே போகவே இல்லை. பிரவுசர் இல்லாமல் முகவரியைக் கேட்க உதவும் கர்ல் கட்டளையும் அப்படித்தான், 'பாத் ஆஸ் இஸ்' என்ற ஆப்ஷனைக் கொடுத்தால்தான் எழுதியதை எழுதியபடி அனுப்பும். "நாங்க டெஸ்ட் பண்ணிட்டோம், பிரச்சினை இல்லை" என்று யாராவது சொன்னால், எதில் தட்டினீர்கள் என்று முதலில் கேளுங்கள். ஒரு நாள் வீண்.

முதலில் பைத்தான் ஃப்ரேம்வொர்க்கான ஃப்ளாஸ்க், ஏனென்றால் பாஸ்வேர்ட் போனது இதில் நான் எழுதிய நான்கு வரிகளில்தான்.

ஃப்ளாஸ்க்கில் கோப்பு அனுப்ப இரண்டு ஃபங்ஷன்கள். ஒன்று 'சென்ட் ஃபைல்', இன்னொன்று 'சென்ட் ஃப்ரம் டைரக்டரி'. இரண்டாவது ஃபோல்டரையும் பெயரையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளும். பெயர் ஃபோல்டரைத் தாண்டப் பார்த்தால் 404 (அப்படி ஒன்று இல்லை) கொடுத்து முடித்துவிடும். ../ போட்டேன், மறைத்துப் போட்டேன், சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுத்தேன், எதற்கும் அசையவில்லை. முதலாவது எதையும் சோதிக்காது. கொடுத்த பாதையை நம்பும். பயனர் தந்த பாதையை இதற்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள் என்று ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

எழுதி வைத்தது சரி. ஆனால் எடிட்டரில் 'சென்ட்' என்று அடித்தால் இரண்டு பெயர்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக வருகின்றன. சின்னப் பெயர் ஆபத்தானது, நீளப் பெயர் பாதுகாப்பானது. அவசரத்தில் இருப்பவன் எதை எடுப்பான்? நான் எதை எடுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

கூடவே பைத்தானின் பழைய பொறி ஒன்றும் உண்டு. பாதைகளை ஒட்டும் 'ஜாயின்' ஃபங்ஷனுக்கு இரண்டாவதாகக் கொடுப்பது சாய்கோட்டில் தொடங்கினால், முதலாவதைத் தூக்கி எறிந்துவிடும். ஒட்டு என்று சொன்னோம், அது மாற்றிவிடுகிறது. பில்கள் ஃபோல்டர் என்று நீங்கள் ஆசையாக எழுதிய பகுதி காணாமல் போய், வந்த பெயரே முழுப் பாதையாகிவிடும். இதற்கு ../ கூடத் தேவையில்லை. புள்ளிகளை மட்டும் தேடுகிற சோதனைகள் எல்லாம் இங்கே கோட்டை விடும்.

ஃப்ளாஸ்க்கில் எனக்குப் பிடித்தது ஒன்று. முகவரியில் பெயருக்கு இடம் விடும்போது, சாதாரணமாக எழுதினால் அந்த இடத்தில் சாய்கோடு வர முடியாது. மறைத்து அனுப்பினாலும், எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று பார்க்கும் ரூட்டிங்குக்கு முன்பே அவிழ்ந்து, பொருந்தாமல் 404 ஆகிவிடும். கேட்காமலே கிடைக்கும் காவல் இது. கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் பெயருக்கு இந்தக் காவல் இல்லை. என் பில் பெயர் வந்தது அங்கே.

பிடிக்காததும் ஒன்று உண்டு. பயனர் ஏற்றும் கோப்பின் பெயரைச் சுத்தம் செய்ய, ஃப்ளாஸ்க்கின் அடித்தளமான வெர்க்சாய்க்கில் 'செக்யூர் ஃபைல்நேம்' இருக்கிறது. பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது ஆங்கில எழுத்து, எண், புள்ளி, கோடு இவற்றைத் தவிர எல்லாவற்றையும் குப்பையில் போடும். 'கடிதம்' என்று தமிழில் பெயர் வைத்த பிடிஎஃப் கோப்பைக் கொடுத்தால் 'பிடிஎஃப்' என்ற மூன்று ஆங்கில எழுத்துதான் திரும்பி வரும், முன்னால் புள்ளி கூட இருக்காது. 'விண்ணப்பம்' கொடுத்தாலும் அதே. அந்தப் பெயரிலேயே சேமித்தால் இரண்டாவது கோப்பு முதலாவதன் மேல் ஏறி உட்காரும். தமிழில் பெயர் வைப்பவர்கள் பயன்படுத்தும் ஆப் என்றால், அது தரும் பெயரில் சேமிக்காதீர்கள். நீங்களே ஓர் எண் போட்டுச் சேமித்து, அசல் பெயரை டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளாஸ்க்குக்கு ஐந்துக்கு மூன்று.

இன்னொரு பைத்தான் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோ எனக்கு ஆச்சரியம் கொடுத்தது. கோப்புகளைக் கையாளும் அதன் 'ஸ்டோரேஜ்' வழியாகக் கோப்பைக் கேட்டால், ஃபோல்டரைத் தாண்டும் பெயருக்கு 400 (தவறான கோரிக்கை) வந்தது. அதோடு சர்வரின் பதிவேடான லாக்கில் 'சஸ்பிஷியஸ் ஃபைல் ஆபரேஷன்' என்று தனியாக ஒரு வரி விழுந்தது. மற்றவை கதவைச் சாத்துகின்றன, ஜாங்கோ சாத்திவிட்டு ஊரையும் கூட்டுகிறது. வெறும் 404 என்றால் அது பழைய லிங்க்காக இருக்கலாம், தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம். இந்த வரி விழுந்தால் யாரோ வேண்டுமென்றே தட்டுகிறார்கள். என் நாற்பது முயற்சிக்கும் நாற்பது வரி. எங்கள் பழைய ஆப்பில் இப்படி ஒரு வரி இருந்திருந்தால், அக்கா மூன்றாவது புள்ளி வைக்கும்போதே எனக்குத் தெரிந்திருக்கும்.

உள்ளே திறந்து பார்த்தேன். ஃபோல்டரின் பாதையில் இது தொடங்குகிறதா என்று பார்ப்பதற்கு முன், அந்தப் பாதையின் வாலில் ஒரு சாய்கோட்டை ஒட்டிக்கொள்கிறார்கள். இந்த ஒற்றைச் சாய்கோட்டின் மதிப்பு, பின்னால் ஸ்டார்லெட் என்ற ஃப்ரேம்வொர்க்கைப் பார்க்கும்போது புரியும்.

ஜாங்கோவிலும் அடி விழுந்திருக்கிறது. 2021 ஏப்ரலில், ஏற்றும் கோப்பின் பெயரில் வேலை காட்டி ஃபோல்டர் தாண்டும் ஓட்டையை அடைத்தார்கள். அடுத்த மாதமே அதே பக்கத்தில் இன்னொன்றை அடைத்தார்கள். இரண்டையும் வெளிப்படையாக அறிவித்து, பழைய பதிப்புகளுக்கும் சேர்த்தே பேட்ச் கொடுத்தார்கள். ஸ்டோரேஜைச் சுற்றிக்கொண்டு நேரே கோப்பைத் திறந்து 'ஃபைல் ரெஸ்பான்ஸ்' கொடுத்தால் காவல் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஜாங்கோவில் பழகியவன் கை ஸ்டோரேஜுக்குத்தான் முதலில் போகும். நான்கு.

ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோடின் மேல் நிற்பது எக்ஸ்பிரஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். காவலில் குறை இல்லை, அது நிற்கும் இடத்தில்தான் கோளாறு.

'சென்ட்ஃபைல்' என்று கூப்பிட்டு, 'ரூட்' என்ற ஆப்ஷனில் ஃபோல்டரைக் கொடுத்தால் ../ வந்ததும் 403 (அனுமதி இல்லை). நல்ல காவல். ரூட் கொடுக்காமல் அரைகுறைப் பாதையைக் கொடுத்தால், முழுப் பாதை கொடு அல்லது ரூட் கொடு என்று பிழை வரும். இங்கேதான் வினை. அந்தப் பிழையைப் பார்த்தவன் என்ன செய்வான்? 'பாத் ஜாயின்' போட்டு, தன் ஃபோல்டரையும் வந்த பெயரையும் ஒட்டி முழுப் பாதையாக்கிக் கொடுப்பான். பிழை போய்விடும். கூடவே காவலும் போய்விடும். ஏனென்றால் நோடின் ஜாயின், ஒட்டும்போதே ../ களைக் கணக்குப் போட்டுத் தீர்த்துவிடுகிறது. 'வாசல்' என்பதையும் '../வாசல்-சாவி/' என்பதையும் ஒட்டினால் வெளியே வருவது நேரான, சுத்தமான, புள்ளியே இல்லாத ஒரு பாதை. எக்ஸ்பிரஸ் புள்ளிகளைத்தான் தேடுகிறது. திருடன் சட்டையை மாற்றிவிட்டுத்தான் காவல்காரன் முன்னால் வருகிறான், மாற்றிக் கொடுத்ததும் நாம்தான்.

என் சோதனையில் அந்த வரியோடு எழுதிய பக்கம் முதல் தட்டிலேயே பாஸ்வேர்ட் கோப்பைக் கொட்டியது. 'டவுன்லோட்' ஃபங்ஷனை ரூட் இல்லாமல் கூப்பிட்டாலும் இதே கதை, அது உள்ளுக்குள்ளேயே பாதையைத் தீர்த்துவிடும். அதற்கு ரூட் ஆப்ஷனே 4.18 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் எழுதிய எத்தனை பக்கங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றனவோ.

நோட் உலகில் இதைவிட வினோதமான ஒன்று 2017இல் நடந்தது. 8.5.0 பதிப்பில் பாதைகளைச் சுருக்கும் ஃபங்ஷனில் சின்ன மாற்றம் செய்தார்கள். அந்த ஃபங்ஷனை நம்பித் தங்கள் சோதனையை எழுதியிருந்த வெளி மாட்யூல்கள் ஒரே இரவில் ஓட்டையாகிவிட்டன. அவற்றில் ஓர் எழுத்தைக் கூட யாரும் தொடவில்லை. 8.6.0இல் சரிசெய்தார்கள். ஃப்ரேம்வொர்க்கை மட்டும் அப்டேட் செய்துவிட்டு, அடியில் ஓடும் மொழியின் பதிப்பைக் கண்டுகொள்ளாமல் விடுபவர்களுக்காகவும், கண்ணை மூடிக்கொண்டு அப்டேட் செய்பவர்களுக்காகவும் இதைச் சொல்லி வைக்கிறேன். எக்ஸ்பிரஸுக்கு இரண்டரை. ரூட் ஆப்ஷனைக் கட்டாயமாக்கினால் நான்கு கொடுப்பேன்.

பிஎச்பி மொழியின் ஃப்ரேம்வொர்க்கான லாராவெலில் 'ஸ்டோரேஜ்' வழியாகப் போனால், அடியில் இருக்கும் ஃப்ளைசிஸ்டம் என்ற கோப்பு நூலகம் பாதையை அலசி, ரூட்டைத் தாண்டினால் 'பாத் டிராவர்சல் டிடெக்டட்' என்று எக்ஸெப்ஷன் எறியும். 'ரெஸ்பான்ஸ் டவுன்லோட்' வழியாகப் போனால் எதுவும் கேட்காது. ஃப்ளாஸ்க் கதையேதான், இரண்டு கதவு, ஒன்றில்தான் பூட்டு. மூன்று.

பைத்தானின் ஸ்டார்லெட்டை நான் எடுத்ததே, ஃபாஸ்ட்ஏபிஐ என்ற இன்னொரு ஃப்ரேம்வொர்க் அதன் மேல் நிற்பதால். இப்போதைய பதிப்பில் 'ஸ்டாட்டிக் ஃபைல்ஸ்' எல்லாத் தட்டலையும் தாங்கியது. பிறகு வேண்டுமென்றே 0.27.0க்கு முந்தைய பதிப்பைப் போட்டு, பெயர் ஒற்றுமையுள்ள என் இரண்டு ஃபோல்டர்களையும் முன்னால் வைத்தேன். வாசல்-சாவி திறந்தது.

நடந்தது இதுதான். கேட்கும் கோப்பு அனுமதித்த ஃபோல்டருக்குள் இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு பாதைகளுக்கும் பொதுவான தொடக்கத்தை எடுத்து ஒப்பிட்டார்கள். பைத்தானில் இதற்கு 'காமன்ப்ரிஃபிக்ஸ்' என்று ஒரு ஃபங்ஷன். பெயரைப் பார்த்தால் பாதைக்கானது போலத் தெரியும், அது இருக்கும் இடமும் பாதை மாட்யூல்தான். ஆனால் அது எழுத்தெழுத்தாகத்தான் ஒப்பிடும். அதன் கண்ணுக்கு வாசல்-சாவி என்பது 'வாசல்' என்று தொடங்கும் ஒன்று, ஆகவே வாசலைச் சேர்ந்தது. பக்கத்திலேயே 'காமன்பாத்' இருக்கிறது, ஃபோல்டர் ஃபோல்டராக ஒப்பிடுவது அதுதான். 2023இல் இதற்கு மாற்றினார்கள்.

இதே பிழை, இதே வடிவத்தில், 2014இலேயே எக்ஸ்பிரஸ் பயன்படுத்தும் 'சென்ட்' மாட்யூலில் இருந்தது. 0.8.4க்கு முந்தைய பதிப்புகளில், பொது ஃபோல்டரின் பெயரோடு தொடங்கும் பக்கத்து ஃபோல்டரைக் கேட்டு வாங்கலாம். வேறு மொழி, வேறு ஆட்கள், ஒன்பது வருட இடைவெளி. ஜாவாவிலும் இந்தக் குழி உண்டு: பாதையை 'பாத்' பொருளாக வைத்து 'ஸ்டார்ட்ஸ்வித்' கேட்டால் ஃபோல்டர் ஃபோல்டராக ஒப்பிடும், அதையே ஸ்ட்ரிங்காக மாற்றிக் கேட்டால் எழுத்தெழுத்தாக. ஃபங்ஷன் பெயர் ஒன்றேதான். கோட் ரிவ்யூவில் யார் கண்ணில் படும்? அதனால்தான் ஜாங்கோ வாலில் ஒட்டும் அந்தச் சாய்கோட்டைப் பார்த்ததும் எனக்கு மரியாதை வந்தது. ஸ்டார்லெட்டுக்கு மூன்றரை.

பைத்தானில் இன்னொன்றான ஏஐஓஹெச்டிடிபியை நான் முறையாகச் சோதிக்கவில்லை, ஆனால் ஒரு ஆப்ஷனைக் குறிப்பிடாமல் போக மனம் வரவில்லை. 'ஃபாலோ சிம்லிங்க்ஸ்'. பெயரைப் படித்தால் என்ன தோன்றும்? சிம்லிங்க் இருந்தால் பின்தொடரும், அவ்வளவுதானே. 3.9.2க்கு முன்பு அதை இயக்கினால், கோப்பு ஃபோல்டருக்குள்தான் இருக்கிறதா என்ற சோதனையே நின்றுபோனது. சிம்லிங்க் ஒன்றுகூட இல்லாத சர்வரிலும் ../ வேலை செய்தது. 2024 ஜனவரியில் அடைத்தார்கள்.

ரூபி மொழியின் ரூபி ஆன் ரெயில்ஸையும் ஜாவாவின் ஸ்ப்ரிங்கையும் நான் அன்றாடம் தொடுவதில்லை, மதிப்பெண் போட உரிமை இல்லை. ரெயில்ஸில் 2019இல் வெளிவந்தது மட்டும் அடிக்கடி நினைவுக்கு வரும். பக்கத்தைக் காட்ட ஒரு கோப்பை 'ரெண்டர் ஃபைல்' என்று கோடிலேயே நிலையாக எழுதியிருப்பார்கள், பயனரிடமிருந்து பெயரே வாங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் எந்த வடிவத்தில் பதில் வேண்டும் என்று பிரவுசர் அனுப்பும் 'அக்செப்ட்' ஹெட்டரில் ../ களை வைத்து அனுப்பினால், கோப்பைத் தேடும் இடத்தில் அது போய்ச் சேர்ந்து சர்வரில் உள்ள வேறு கோப்பைக் காட்டிவிடும். எழுதியவர் மேல் ஒரு பிழையும் இல்லை. இப்படிப்பட்ட ஓட்டைக்கு அப்டேட் செய்வதுதான் சரியான மருந்து.

கடைசியாக கோ மொழி. இதில் வெளி ஃப்ரேம்வொர்க் எதையும் எடுக்கவில்லை, மொழியோடு வரும் நூலகமே போதுமாக இருக்கிறது. 'ஃபைல் சர்வர்' கொடுத்த ஃபோல்டரை ரூட்டாக வைத்துக்கொண்டு, வரும் பாதையை அதற்குள்ளேயே சுருக்கிவிடுகிறது. ../ எத்தனை போட்டாலும் ரூட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். நேராக ../ அனுப்பினால் திருத்திய முகவரிக்குத் திருப்பி அனுப்பியது. 'சர்வ் ஃபைல்' ஏமாற்றியது. முகவரியின் பாதையில் .. இருந்தால் மறுக்கும் என்று ஆவணத்தில் இருக்கிறது, மறுக்கவும் செய்கிறது. ஆனால் அது பார்ப்பது முகவரியின் பாதையை மட்டும். கேள்விக்குறிக்குப் பின்னால் வந்த பெயரை நாம் ஒட்டிக் கொடுத்தால் பேசாமல் திறந்து கொடுத்தது.

என்னை அசத்தியது 2025 பிப்ரவரியில் 1.24 பதிப்போடு வந்த 'ஓஎஸ் ரூட்'. ஒரு ஃபோல்டரை ரூட்டாகத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லாக் கோப்பையும் அதன் வழியாகவே கேட்க வேண்டும். எழுத்துகளைப் பார்த்து யூகிக்கும் வேலையே இல்லை, திறக்கும் நேரத்திலேயே எல்லை காக்கப்படுகிறது. இதுவரை சொன்ன சோதனைகளில் பலவும் பாதையை எழுத்தாகத்தான் படிக்கின்றன. வாசலுக்குள் நான் வைத்த சிம்லிங்க்கைக் கேட்டபோது ஃப்ளாஸ்க் வெளிக் கோப்பைக் கொடுத்தது, கோவின் ஃபைல் சர்வரும் கொடுத்தது. பெயரில் ஒரு புள்ளியும் இல்லையே, எதை வைத்து மறுப்பார்கள்? ஓஎஸ் ரூட் மறுத்தது. உள்ளேயே சுற்றும் சிம்லிங்க் என்றால் விடுகிறது, வெளியே போனால் பிழை. ஆறிலும் எனக்கு மனம் நிறைந்த இடம் இதுதான். 1.24இல் அதற்குச் சில செயல்கள்தான் தெரியும், 1.25இல் இன்னும் சேர்த்தார்கள். நான்கரை. அரை மதிப்பெண் சர்வ் ஃபைலுக்காகக் குறைத்தது.

விண்டோஸில் நான் சோதிக்கவில்லை. அங்கே சாய்கோடு இரண்டு பக்கமும் சாயும், டிரைவ் எழுத்து வரும், நெட்வொர்க் பாதை வரும். 2018இல் ஸ்ப்ரிங்கில் வந்த ஓட்டையும், 2024இல் வெர்க்சாய்க்கின் 'சேஃப் ஜாயின்' வாங்கிய அடியும் விண்டோஸில் மட்டும் பலிப்பவை. உங்கள் சர்வர் விண்டோஸ் என்றால் மேலே உள்ள மதிப்பெண்களில் அரையைக் கழித்துப் படியுங்கள்.

எங்கள் பில் பக்கத்தில் இப்போது கோப்பின் பெயரே வருவதில்லை. ஓர் எண் வரும். அந்த எண்ணுக்கு உரிய பில் கேட்பவருடையதுதானா என்று டேட்டாபேஸில் பார்த்துவிட்டு, அங்கே எழுதி வைத்த பெயரை 'சென்ட் ஃப்ரம் டைரக்டரி' வழியாகக் கொடுக்கிறேன். அக்கா ஒரு மதியம் முழுக்கத் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

இந்த விமர்சனத்தைப் போடுவதற்கு முன் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். எல்லாம் படித்து முடித்து, "வெளியே கொடுக்கிறதை மட்டும்தான் பார்த்திருக்கே. உள்ளே வாங்கறது?" என்றார்.

"பெயரை மாத்தித்தான் அக்கா சேமிக்கிறோம்."

"கோப்போட பெயரை மாத்துவே. டார் கோப்பா வந்தா அதுக்குள்ளே இருக்கிற பெயர்களை யார் மாத்துவாங்க?"

பழைய பில்களை மொத்தமாக ஏற்ற ஒரு பக்கம் வைத்திருக்கிறோம், டார் கோப்பாக, அதாவது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய மூட்டையாக வாங்கி சர்வரில் பிரிப்போம். உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயரிலும் ../ வைக்கலாம். பைத்தானின் டார் பிரிக்கும் ஃபங்ஷனில் இது 2007இலேயே சிவிஇ எண் வாங்கிய விஷயம். ஃபில்டர் என்ற ஆப்ஷனில் 'டேட்டா' என்று கொடுத்தால் தடுக்கும். 3.14 பதிப்பிலிருந்து கொடுக்காமலே தடுக்கும். அதற்கு முந்தைய பதிப்புகளில் நாமாகக் கொடுக்க வேண்டும்.

எங்கள் சர்வரில் ஓடுவது 3.12. கோடைத் திறந்து அந்த வரிக்குப் போனேன். ஃபில்டர் இல்லை.